மூன்றாவது பாடம்

இங்கிலாந்தில் 11ஆம் ஆண்டில் படிக்கும் பிள்ளைகள், கோடையில் எழுதவிருக்கும் ஜி.சி.எஸ்.இ என்ற பொதுப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் அதே குளிர்காலத்தில், அதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு எந்தப் பாடங்களைப் படிக்கப்போகிறார்கள் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பதினாறு வயது வரை ஒன்பது, பத்துப் பாடங்களைப் படித்து வந்த பிள்ளை, சிக்ஸ்த் ஃபோர்ம் எனப்படும் 12ஆம், 13ஆம் ஆண்டுகளுக்குள் நுழையும்போது அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கைவிட்டு, மூன்றே மூன்று ஏ லெவல் பாடங்களுக்குள் வந்துவிடுகிறது. லண்டன் புறநகரிலுள்ள அரச பாடசாலையொன்றில் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நான் கணிதம் கற்பிக்கிறேன். தை பிறந்ததும் தமிழ்ப் பெற்றோர் பலர் இதுபற்றிக் கேட்கத் தொடங்குவார்கள். பாடசாலைக் கூட்டத்தின் பத்து நிமிடங்களில் சொல்லி முடிக்க முடியாதவற்றை இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் வரும் பெற்றோரில் அநேகர் இலங்கையில் உயர்தரம் படித்தவர்கள். அங்கும் மூன்று பாடங்கள்தான் என்பதால், இந்த முறை தமக்கு நன்கு தெரிந்த முறை என்றே அவர்கள் எண்ணுகிறார்கள். ஆனால் அங்கே பிள்ளை முதலில் ஒரு பிரிவுக்குள் போகிறது. பாடங்கள் அந்தப் பிரிவின் பின்னால் வருகின்றன. உயிரியல் பிரிவு என்றால் பெரும்பாலும் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். கணிதப் பிரிவு என்றால் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். மூன்றின் பெறுபேறுகளும் சேர்ந்து ஓர் இசட் புள்ளியாகி, அந்தப் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வந்த பெற்றோரும் பிளஸ் ஒன் வகுப்பில் ‘குரூப்’ எடுத்துப் படித்தவர்கள். அவர்களுடைய எண்ணமும் இதே வழியில்தான் போகிறது. இங்கிலாந்தில் பிரிவு என்ற ஒன்றே இல்லை. பாடசாலையின் நேர அட்டவணை இடங்கொடுக்கும் வரையில், இரசாயனவியலுடன் வரலாற்றையும் கணிதத்துடன் ஆங்கில இலக்கியத்தையும் சேர்த்து எடுக்கலாம். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு பட்டப்படிப்புக்கும் தனக்கு வேண்டியதைத் தானே சொல்லிக்கொள்ளும்.

அப்படி அவை கட்டாயமாகக் கேட்பவற்றின் பட்டியல், பெற்றோர் அஞ்சுவதைவிட மிகச் சிறியது. மருத்துவத்துக்குப் பெரும்பாலான கல்லூரிகள் இரசாயனவியலைக் கேட்கின்றன. பல கல்லூரிகள் உயிரியலையும் சேர்த்துக் கேட்கின்றன. பௌதிகவியல் கட்டாயம் என்று சொல்லும் வழக்கம் இல்லை. பொறியியலுக்குக் கணிதமும் பெரும்பாலும் பௌதிகவியலும் வேண்டும். இரசாயனப் பொறியியல் என்றால் கணிதமும் இரசாயனவியலும். கணினி விஞ்ஞானத்துக்கு முன்னணிப் பல்கலைக்கழகங்கள் கேட்பது கணிதத்தை. கணினி விஞ்ஞானத்தையே ஏ லெவலிலும் படித்திருக்க வேண்டும் என்று அவை வற்புறுத்துவது அரிது. கேம்பிரிட்ஜிலும் லண்டன் பொருளியல் கல்லூரியிலும் பொருளியல் பட்டப்படிப்புக்குக் கணிதம் கட்டாயம், ஏ லெவல் பொருளியல் கட்டாயமில்லை என்பதைக் கேட்டு வியக்காத பெற்றோர் குறைவு. சட்டத்துக்கு இன்ன பாடம்தான் வேண்டும் என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை. ரஸல் குழுமம் எனப்படும் 24 பல்கலைக்கழகங்களின் அமைப்பு, கூடுதல் வாய்ப்பளிக்கும் பாடங்கள் என்று ஒரு பட்டியலை முன்னர் வைத்திருந்தது. 2019இல் அதைக் கைவிட்டு, பட்டப்படிப்புவாரியாகத் தேடிப் பார்க்கக்கூடிய இணையத்தளம் ஒன்றைத் தொடங்கியது. அந்தப் பழைய பட்டியல் இன்னும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டுதோறும் வலம் வருவது எனக்குக் கவலையளிக்கிறது.

ஆக, போகும் பாதையை உறுதியாகத் தீர்மானித்துவிட்ட பிள்ளைக்குக்கூடக் கட்டாயமான பாடங்கள் ஒன்றோ இரண்டோதான். மீதியாக உள்ள அந்த ஓர் இடத்தை, அதாவது மூன்றாவது பாடத்தை, எப்படித் தெரிவு செய்கிறார்கள் என்பதில்தான் இந்த இரண்டு ஆண்டுகளின் சுமை பெருமளவு தங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. முதல் இரண்டைப் பற்றி வீட்டில் மாதக்கணக்கில் பேசுவார்கள். மூன்றாவதைப் பற்றிக் கேட்டால், “எதையாவது எடுக்கட்டும் ரீச்சர், கெமிஸ்ற்றியும் பயோலஜியும் இருந்தால் காணும் தானே” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ‘எதையாவது’ என்பதையும் பிள்ளை இரண்டு ஆண்டுகள் படிக்க வேண்டும். அதற்கும் மற்ற இரண்டுக்கு நிகரான மணித்தியாலங்களைக் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகம் கேட்கும் மூன்று பெறுபேறுகளில் அதனுடையதும் மற்றவற்றுக்குச் சமமாக எண்ணப்படும்.

சில குடும்பங்கள் இந்தத் தெரிவைத் தவிர்ப்பதற்காக நான்கு பாடங்களை எடுக்க வைக்கின்றன. “நாலு எடுத்துத் தொடங்கட்டும், பிறகு ஒன்றை விடலாம்” என்பது ஒரு காலத்தில் நல்ல அறிவுரையாக இருந்தது. அப்போது 12ஆம் ஆண்டின் முடிவில் எழுதும் ஏ.எஸ் பரீட்சை ஏ லெவலின் பாதிப் புள்ளிகளைத் தாங்கியது. நான்காவதை அங்கே நிறுத்தினாலும் கையில் ஒரு சான்றிதழ் இருந்தது. 2015 செப்டம்பர் முதல் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்த மாற்றத்தின் பின்னர் (கணிதத்துக்கு 2017இல் வந்தது) ஏ.எஸ் தனியாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. ஏ லெவலுக்கான எழுத்துப் பரீட்சை முழுவதும் இரண்டாம் ஆண்டின் இறுதியில்தான் நடக்கிறது. எனவே இடையில் விடப்படும் நான்காவது பாடம் பெரும்பாலும் எந்தத் தடமும் இல்லாமல் போய்விடும். பல்கலைக்கழகங்களின் நிபந்தனைகள் வழக்கமாக மூன்று பாடங்களையே அடிப்படையாகக் கொண்டவை. ஏ, ஏ, ஏ, சி என்ற பெறுபேற்றுக்கு ஏ, ஏ, ஏ என்பதைவிட அதிக மதிப்பில்லை, அந்த நான்காவதுக்காகச் செலவிட்ட நேரம் மற்ற மூன்றில் ஒன்றைக் கீழே இழுத்திருக்கவும் கூடும். கூடுதலாக ஏதேனும் செய்ய ஆசைப்படும் பிள்ளைக்கு ஈ.பி.க்யூ எனப்படும் தனிப்பட்ட ஆய்வுத்திட்டம் இருக்கிறது. தானே ஒரு தலைப்பை எடுத்துத் தேடிப் படித்து எழுதும் அந்த வேலை அளவில் அரை ஏ லெவலுக்குச் சமம், பல்கலைக்கழக வாழ்க்கைக்கும் நெருக்கமானது.

நான்கு பாடங்களில் நான் ஏற்கும் விதிவிலக்கு, கணிதத்தோடு சேர்த்து இன்னொரு தனி ஏ லெவலாக எடுக்கும் மேலதிக கணிதம். கணிதத்தையோ பௌதிகவியலையோ பொறியியலையோ முன்னணிப் பல்கலைக்கழகமொன்றில் படிக்க விரும்பும் பிள்ளை, உண்மையில் கணிதத்தில் தோய்ந்திருந்தால், அதை எடுக்கத்தான் வேண்டும். சிக்கலெண்களும் தாயங்களும் தொகுத்தறிவு முறை நிறுவலும் அங்கேதான் வருகின்றன. அவற்றைப் பதினேழு வயதில் சந்திப்பது பெரிய இன்பம். ஆனால் அது வேகமான வகுப்பு. பல பாடசாலைகள் ஜி.சி.எஸ்.இ கணிதத்தில் 8 அல்லது 9 (9தான் மிக உயர்ந்த தரம்) பெற்றவர்களையே அதில் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. மருத்துவத்துக்குப் போகவிருக்கும் பிள்ளை இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கணிதத்தையும் மேலதிக கணிதத்தையும் இரண்டு தனித்தனிப் பாடங்களாக எண்ணாத மருத்துவக் கல்லூரிகள் உண்டு.

கணிதத்தைப் பற்றி அதிகமாகவே எழுதப்போகிறேன். அது என் பாடம் என்பதற்காக மட்டுமல்ல, 2024இல் முதன்முறையாக ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பரீட்சார்த்திகள் எழுதிய, ஏ லெவலிலேயே அதிகம் தெரிவு செய்யப்படும் பாடம் அதுதான் என்பதாலும். ஜி.சி.எஸ்.இ கணிதத்தில் 7 எடுத்தவர் ஏ லெவல் கணிதத்தை எளிதாகச் சமாளிப்பார் என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். 7 நல்ல பெறுபேறு, ஐயமில்லை. ஆனால் உயர்நிலை வினாத்தாளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புள்ளிகளை இழந்தவரும் 7 பெற முடியும். அந்த மூன்றிலொரு பங்கு எங்கே போனது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் அது தாளின் பிற்பகுதியிலுள்ள அட்சரகணிதத்தில் போயிருக்கும்: அட்சரகணிதப் பின்னங்கள், இருபடிச் சமன்பாடுகளை நிறைவர்க்கமாக்கல், சேடுகள், சார்புகள். ஏ லெவலின் முதல் ஆறு வாரங்கள் முழுவதும் இவற்றின்மீதே கட்டப்படுகின்றன. வீதங்களையும் வட்டப் படங்களையும் நிகழ்தகவு மர வரிப்படங்களையும் பிழையின்றிச் செய்து 7 பெற்ற பிள்ளை, ஒக்டோபரில் வகையீடு தொடங்கும்போது வகையீட்டில் தடுமாறுவதில்லை. அதன் பின்னால் வரும் மூன்று வரிச் சுருக்கலில் தடுமாறுகிறது. “எனக்கு இந்தப் பாடமே விளங்கவில்லை” என்று அது சொல்லும். விளங்காதது புதிய பாடமல்ல, பழைய சுருக்கல்.

ஆகையால், கணிதம் எடுக்கலாமா என்று கேட்டு வரும் பெற்றோரிடம் எத்தனையாம் தரம் என்று நான் கேட்பதைவிட, மாதிரிப் பரீட்சையின் விடைத்தாளைக் கொண்டுவரச் சொல்வதே அதிகம். பத்து நிமிடம் புரட்டினால் தெரிந்துவிடும். குறை அட்சரகணிதத்தில் மட்டும் இருந்தால் அது ஜி.சி.எஸ்.இக்கும் செப்டம்பருக்கும் இடைப்பட்ட நீண்ட விடுமுறையில் திருத்தக்கூடியது. நாளுக்கு அரை மணித்தியாலம் போதும். பிள்ளை அதைச் செய்ய முன்வருகிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இரசாயனவியலின் கடினம் வேறு மாதிரியானது. ஜி.சி.எஸ்.இயில் 2,8,8 என்று படித்த இலத்திரன் ஓடுகளை, 12ஆம் ஆண்டின் முதல் மாதத்திலேயே எஸ், பி, டி என்ற உபசக்தி மட்டங்களாகப் பிரித்து எழுதச் சொல்வார்கள். குரோமியமும் செம்பும் அந்த ஒழுங்கையும் மீறும். முன்னர் உண்மை என்று படித்தது ஒரு எளிமைப்படுத்தல் என்று அறியும்போது சில பிள்ளைகளுக்கு ஆர்வம் பிறக்கிறது, சிலருக்குக் கோபம் வருகிறது. அத்துடன் மூல் கணிப்பு, வெப்பவுள்ளுறை, சமநிலை என்று கணக்கு ஒரு பக்கமும், சேதன இரசாயனத்தின் தாக்கப் பொறிமுறைகளை வளைந்த அம்புக்குறிகளால் வரைவது மறுபக்கமுமாக, ஒரே பாடத்துக்குள் மூன்று வகையான மூளை வேலை இருக்கிறது. பரீட்சைப் புள்ளிகளில் குறைந்தது 20 வீதம் கணிதத் திறனுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது விதி. உயிரியலுக்கு 10 வீதம். பௌதிகவியலுக்கு 40 வீதம். கணிதத்தை ஏ லெவலில் எடுக்காமல் பௌதிகவியலை எடுக்கும் பிள்ளை எவ்வளவு பாரத்தை வீணாகச் சுமக்கிறது என்பதற்கு அந்தக் கடைசி எண்ணே போதும்.

உயிரியல் எளிது, மனப்பாடம் செய்தால் வந்துவிடும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பாடப்பரப்பு பெரியது என்பது உண்மை. ஆனால் புள்ளித்திட்டத்தை ஒருமுறை திறந்து பார்த்தவர்களுக்கு அதன் கண்டிப்பு தெரியும். சவ்வூடு பரவலை விளக்கும்போது நீரின் செறிவு என்று தளர்வாக எழுதினால் புள்ளி கிடையாது. நீர் எந்த ‘நீரழுத்தத்திலிருந்து’ (water potential) எதற்குச் செல்கிறது என்று, தாளில் எதிர்பார்க்கப்படும் அந்தச் சரியான சொல்லாலேயே எழுத வேண்டும். வீட்டில் படித்ததை ஒப்புவித்து, எல்லாம் தெரியும் என்ற நிறைவோடு போய், சி பெற்று வரும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அவர்களுக்குக் குறைவாக இருப்பது அறிவல்ல, வினா கேட்டதற்கு மட்டும் விடை எழுதும் பழக்கம்.

எழுத்துப் பாடங்களின் சுமை வெளியே தெரியாது. வரலாறு, ஆங்கில இலக்கியம், புவியியல் ஆகிய மூன்றிலும் மொத்தப் புள்ளியில் 20 வீதம் பிள்ளையே எழுதிக் கொடுக்கும் ஒப்படைக்கு உரியது. கணினி விஞ்ஞானத்திலும் ஒரு செயற்றிட்டத்துக்கு அதே 20 வீதம். இவை நல்லவை, பரீட்சை மண்டபத்தில் பதற்றப்படும் பிள்ளைக்கு ஆறுதலானவை. ஆயினும் மூன்று பாடங்களிலும் ஒப்படை இருக்குமானால், 13ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். பல்கலைக்கழக விண்ணப்பம் எழுதுவதும் அதே வாரங்களில்தான். இதைப் பதினாறு வயதில் யாரும் யோசிப்பதில்லை. பாடசாலையின் திறந்த நாளில் ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் ஒப்படை உண்டா, அதன் இறுதித் திகதி எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொள்வது, அங்கே கொடுக்கும் வண்ணப் பிரசுரங்களைச் சேகரிப்பதைவிடப் பயனுள்ளது.

மூன்றாவது பாடத்தைத் தெரிவு செய்யும்போது நான் முதலில் பார்ப்பது, அது முதல் இரண்டிலிருந்து வேறுபட்ட உழைப்பைக் கேட்கிறதா என்பதைத்தான். கணிதமும் பௌதிகவியலும் எடுத்த பிள்ளை மாலை முழுவதும் கணக்குகளோடு இருந்துவிட்டு, மூன்றாவதும் கணக்காகவே இருந்தால் இரவு ஒன்பது மணிக்குமேல் எதையும் ஏற்கும் நிலையில் இருப்பதில்லை. அதே பிள்ளைக்குப் புவியியலோ பொருளியலோ இருந்தால், களைத்த மூளையின் இன்னொரு பகுதி விழித்துக்கொள்ளும். உயிரியல், இரசாயனவியல், உளவியல் என்ற சேர்க்கை நம் பிள்ளைகளிடையே இப்போது பரவலாக இருக்கிறது. உளவியல் நல்ல பாடம்தான், ஆனால் அதுவும் ஏராளமான ஆய்வுகளையும் கோட்பாடுகளையும் நினைவில் வைத்திருக்கச் சொல்லும் பாடம். பரீட்சைக்கு முந்திய ஏப்ரலில் மூன்று பெரிய பாடப்பரப்புகளை ஒரே நேரத்தில் மீட்டல் செய்யும் மன வலிமை எல்லோருக்கும் இருப்பதில்லை.

எங்கள் பாடசாலையில் மருத்துவத்தை விரும்பிய மாணவி ஒருவர், வீட்டில் பெரும் எதிர்ப்புக்கிடையில், இரசாயனவியலுக்கும் உயிரியலுக்கும் அடுத்ததாக வரலாற்றை எடுத்தார். டாக்டராகப் போகிறவளுக்கு ஹிட்லரும் ஸ்டாலினும் எதற்கு என்று தந்தை கேட்டார்; நியாயமான கேள்விதான். இரண்டாம் ஆண்டில் அந்த மாணவியின் உயிரியல் விடைகளில் ஒரு மாற்றம் தெரிந்ததாக அவருடைய ஆசிரியர் சொன்னார். அவர்கள் எழுதும் பரீட்சையின் மூன்றாவது தாளில் 25 புள்ளிக்குரிய கட்டுரை ஒன்று உண்டு. பாடத்திட்டத்தின் வெவ்வேறு மூலைகளிலிருந்து செய்திகளை எடுத்து ஒரே கருத்தின் கீழ் கோக்க வேண்டும். அறிவியல் மட்டுமே படித்த பிள்ளைகள் அதைக் கண்டு அஞ்சுவார்கள். வாரந்தோறும் வரலாற்றுக் கட்டுரை எழுதிப் பழகிய கைக்கு அது சாதாரண வேலையாக இருந்தது. அதைவிட முக்கியமாக, வியாழக்கிழமை பிற்பகல்களில் வரலாற்று வகுப்பிலிருந்து வெளியே வரும்போது அவர் மகிழ்ச்சியாக இருந்தார். முதலாண்டு விண்ணப்பத்தில் மருத்துவ இடம் கிடைக்கவில்லை. ஓராண்டு பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்துவிட்டு மீண்டும் விண்ணப்பித்துச் சேர்ந்தார். நேர்முகத்தில் வரலாறு பற்றியும் பேசினாராம்.

மாறாக, தந்தையின் ஆசைக்காக மேலதிக கணிதத்தை மூன்றாவது பாடமாக எடுத்த ஒரு மாணவரும் நினைவுக்கு வருகிறார். பையனுக்குக் கணிதம் பிடிக்கும். வேகமாகச் செய்ய வராது. மெதுவாக யோசித்துச் சரியாக எழுதுபவர், வேகமான வகுப்பில் எப்போதும் ஒரு வாரம் பின்னால் இருந்தார். ஒக்டோபர் இடைவிடுமுறைக்கு முன் புவியியலுக்கு மாறினார். மூன்று மாதங்களில் அவருடைய சாதாரணக் கணிதப் பெறுபேறும் உயர்ந்தது, ஏனென்றால் அதற்கு நேரம் கிடைத்தது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் ஏ லெவல் பாடம் இரண்டு ஆண்டுகளில் 360 மணித்தியாலக் கற்பித்தல் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. வாரத்துக்கு நான்கு, ஐந்து மணித்தியாலம் வகுப்பு. ஏறத்தாழ அதே அளவு நேரம் தானாகவும் படிக்க வேண்டும் என்று பாடசாலைகள் சொல்வது வழக்கம். மூன்று பாடத்துக்கும் சேர்த்தால் இது பெரியவர் ஒருவரின் முழுநேர வேலைக்கு அருகில் வருகிறது. நேர அட்டவணையில் வெற்றுப் பாடவேளைகளைக் காணும் பெற்றோர் பிள்ளைக்கு ஓய்வு அதிகம் என்று நினைத்து, சனிக்கிழமை இரண்டு ரியூசன் வகுப்புகளையும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றையும் சேர்த்துவிடுகிறார்கள். அந்த வெற்று வேளைகள்தான் பிள்ளை நூலகத்தில் இருந்து தானாகப் படிக்கப் பழகும் இடம். அவற்றைக் காப்பாற்றிக் கொடுங்கள்.

ரியூசனை நான் எதிர்க்கவில்லை. குறிப்பிட்ட ஓர் அலகு விளங்காதபோது நல்ல ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரும் உதவி. ஆனால் ஏ லெவலில் புள்ளி கிடைப்பது முன்பின் பார்த்திராத வினாவின் முன்னால் தனியே அமர்ந்து, பத்து நிமிடம் ஒன்றும் தோன்றாமல் இருந்து, பிறகு ஒரு வழியைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு. அந்தப் பத்து நிமிடத்தையும் யாராவது பேசி நிரப்பிக்கொண்டே இருந்தால், பிள்ளைக்கு அதைத் தாங்கிப் பழக வாய்ப்பே வருவதில்லை. அரங்கேற்றத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். நடனமோ மிருதங்கமோ பத்தாண்டு பயின்ற பிள்ளை அரங்கேற வேண்டியதுதான்; அதை ஜி.சி.எஸ்.இ முடிந்த கோடையில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஏ லெவல் முடிந்தபின் வையுங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடை ஓய்வானதுபோலத் தோன்றும். ஆனால் அப்போதுதான் மருத்துவத்துக்கான யூகாட் தேர்வும் விண்ணப்ப ஆயத்தமும் வருகின்றன. மருத்துவத்துக்கும் ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜுக்கும் விண்ணப்ப இறுதித் திகதி ஒக்டோபர் நடுப்பகுதி. மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிட மூன்று மாதம் குறைவு.

12ஆம் ஆண்டின் முதல் தவணையில் வரும் அதிர்ச்சிக்குக் குடும்பமே ஆயத்தமாக இருக்க வேண்டும். ஜி.சி.எஸ்.இயில் 8, 9 என்று வாங்கிக் கேக் வெட்டிய வீட்டுக்கு, ஒக்டோபரில் டி என்று ஒரு தாள் வரும். இது ஆண்டுதோறும், நல்ல பிள்ளைகளுக்கும் நடக்கிறது. அப்போது வீட்டில் எழும் கூச்சலைத் தவிர்த்துவிட்டு, பிள்ளையோடு உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் புள்ளி போயிருக்கிறதா, எங்கும் பரவலாகப் போயிருக்கிறதா? பிழை விளங்காமையால் வந்ததா, நேரம் போதாமையால் வந்ததா? இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தப் பாடத்தின் கொப்பியைப் பிள்ளை தானாகத் திறக்கிறதா? கடினமாக இருந்தும் திறக்கும் பிள்ளை அந்தப் பாடத்திலேயே இருக்கலாம்; காலம் வேண்டும், அவ்வளவுதான். மற்ற இரண்டையும் முடித்துவிட்டு இதைமட்டும் இரவு பதினொரு மணிவரை தள்ளிப்போடும் பிள்ளை வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பாடம் மாறுவதற்குப் பெரும்பாலான பாடசாலைகள் முதல் சில வாரங்கள் மட்டுமே இடமளிக்கும். மாறுபவர் தவறவிட்ட வகுப்புகளைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும். எனவே ஒக்டோபர் தாள் வரும்வரை காத்திராமல், கொப்பியைப் பற்றிய இந்த உரையாடல் செப்டம்பர் இறுதிக்குள்ளேயே தொடங்கிவிடுவது நல்லது.

12ஆம் ஆண்டுப் பரீட்சை ஏ லெவலில் எண்ணப்படாது என்பதால் அந்த ஆண்டைச் சற்றுத் தளர்வாக எடுத்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகளுக்குள் ஒரு பேச்சு உண்டு. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஆசிரியர்கள் எழுதும் எதிர்பார்ப்புப் பெறுபேறு, பெரும்பாலும் அந்த ஆண்டின் கோடைப் பரீட்சையையும் வகுப்பு வேலையையும் வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. அந்த எழுத்துகளைப் பார்த்துத்தான் பல்கலைக்கழகம் நிபந்தனை அனுப்பும். செப்டம்பரில் வந்து, “மிஸ், ஏ என்று போடுங்கோ, நான் இனிப் படிப்பன்” என்று கேட்கும் பிள்ளையிடம் மறுப்புச் சொல்வது என் வேலையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் நேரம்.

ஏ லெவலே எல்லோருக்கும் உரிய வழி என்றும் நான் எண்ணவில்லை. இங்கிலாந்தில் பதினெட்டு வயது வரை ஏதேனுமொரு கல்வியிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்பது சட்டம். அது ஏ லெவலாக இருக்க வேண்டும் என்பதல்ல. 2020இல் தொடங்கிய ‘டி லெவல்’ (T Level) மூன்று ஏ லெவலுக்குச் சமமான, தொழில் சார்ந்த ஒரே கற்கை; அதில் ஏறத்தாழ 45 நாள் வேலைத்தளப் பயிற்சியும் உண்டு. கையால் செய்தும் கண்ணால் பார்த்தும் கற்கும் பிள்ளையை, ஊரார் என்ன சொல்வார்கள் என்பதற்காக மூன்று கடின பாடங்களுக்குள் அனுப்பி, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் டி, ஈ என்ற பெறுபேறுகளோடு வெளியே எடுப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

இப்போது படிவத்தோடு வீட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பரீட்சைச் சபைகள் தங்கள் கடந்தகால ஏ லெவல் வினாத்தாள்களையும் புள்ளித்திட்டங்களையும் இலவசமாக வெளியிட்டிருக்கின்றன. பிள்ளை எண்ணியிருக்கும் ஒவ்வொரு பாடத்திலும் ஒரு தாளை அச்சிட்டு மேசையில் வையுங்கள். விடை எழுதச் சொல்ல வேண்டாம். இன்னும் படிக்காததை யாரால் எழுத முடியும்? வாசிக்கச் சொல்லுங்கள். சில தாள்களை இரண்டு பக்கம் புரட்டி மூடிவைப்பார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு, இது எப்படி வருகிறது, இந்தக் குறியீடு என்ன என்று கேட்கத் தொடங்குவார்கள். மூன்றாவது இடத்தில் எதை எழுதுவது என்று பேசுவதற்கு அந்த மாலை ஏற்றது.